எழிலரசி மூச்சு எடுக்கும் இடம்

வேனின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எழிலரசி ஜன்னலோரம், நான் பக்கத்தில். அவர் முகக்கவசம் போட்டு, துப்பட்டாவைத் தலையைச் சுற்றி இழுத்துவிட்டிருந்தார்.

சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்துக்கு எதிரில் மதிய ஷிப்டுப் பெண்கள் ஏறினார்கள். சாப்பாட்டுப் பைகளிலிருந்து காரக்குழம்பு வாசனை வந்தது. ஈரம் காயாத கூந்தலில் கனகாம்பரம். எல்லோர் கழுத்திலும் தொழிற்சாலை அடையாள அட்டை. வேன் குலுங்கும்போதெல்லாம் அட்டைகள் முன்சீட்டுக் கம்பியில் பட்டுத் தட்டின.

ஓட்டுநர் தணிகாசலம் பென் டிரைவைச் செருகினார். பாட்டு ஆரம்பித்தது.

“யாருடி இது? புதுசா கீது” என்றாள் எங்களுக்கு முன்சீட்டில் இருந்த ஒருத்தி.

“எழில்டி. ‘நனைஞ்ச சைக்கிள்’ பாடுச்சே, அது. எங்கம்மா பாத்திரம் தேய்க்கும்போது அதத்தான் பாடிகினு இருக்கும்.”

“அந்தம்மா இன்னும் பாடுதா? நான் எப்பவோ அமெரிக்கா போயிட்ச்சுன்னு நெனச்சேன்.”

எழிலரசியின் கண்கள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. அவை சிரித்தன.

பல்லவி முடிந்து சரணம் வந்தது. ‘கடைசி பஸ்ஸும் போன பின்னும் கைகாட்டி நிக்கிற என்னை ஊரு என்ன சொல்லுமோ.’ நீளமான வரி. அதுவரை கம்பியில் தலை சாய்த்திருந்த ஒருத்தி நிமிர்ந்தாள்.

“தோ, இந்த எடத்தக் கேளு. அந்தம்மா குரலுக்கு வயசே ஆவல பாரு.”

எழிலரசி என் மணிக்கட்டைப் பிடித்தார். சந்தோஷத்தில் பிடிக்கிறார் என்று நினைத்தேன். பிடி இறுகிக்கொண்டே போனது.

“பத்மா, இது நான் இல்ல” என்றார் என் காதருகே.

பாட்டு முடிந்தது. முன்னாலிருந்து ஒரு குரல்: “அண்ணாத்த, இன்னொரு தபா போடு.”

தணிகாசலத்தின் வேன்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழிலரசியின் இசை நிறுவனத்தில் உரிமைப் பதிவுகளைப் பார்ப்பது என் வேலை. எந்தப் பாட்டில் யார் பாடினார், யார் எந்தக் கருவியை வாசித்தார் என்ற விவரம் பிழையில்லாமல் வெளியே போக வேண்டும். அதற்கு நான் பொறுப்பு.

எங்கள் அலுவலகம் நாவலூரில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தின் மேல் மாடியில் இருக்கிறது. அங்கே ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். முதலாளி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வேறு எதை ஆட்டுவது?

“ஏசி ரூம்ல எல்லாப் பாட்டும் நல்லாத்தான் இருக்கும்” என்பார் எழிலரசி.

அதனால் அவர் ஒரு வழக்கத்தை வைத்திருந்தார். எந்தப் பாட்டும் வெளியாவதற்கு முன் ஷிப்டு வேனில் ஒலிக்க வேண்டும். தணிகாசலத்துக்கு மட்டும் விஷயம் தெரியும். பயணிகளுக்குச் சொல்லக்கூடாது, அபிப்பிராயமும் கேட்கக்கூடாது. மறுபடி போடச் சொன்னால் பாட்டு தேறியது. யாராவது பையிலிருந்து இயர்போனை எடுத்து மாட்டினால், பாட்டு இசையமைப்பாளரிடம் திரும்பிப் போகும்.

ஒரு முறை, வெளிநாட்டு வாத்தியக் குழுவை வைத்துப் பதிவு செய்த பாட்டு ஒன்று வந்தது. மறைமலைநகர் தாண்டுவதற்குள் பாதி வேன் இயர்போன் மாட்டிக்கொண்டது. மீதிப் பாதி தூங்கிவிட்டது. இசையமைப்பாளர் கோபத்தோடு அலுவலகத்துக்கு வந்தார்.

“வேன்ல வர்ற பொண்ணுங்களுக்கு ஹார்மனி புரியுமா மேடம்?”

“புரியவேணாம் சார். தூக்கம் வராம இருந்தா போதும்.”

எழிலரசி இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. காபி வேறு வரவழைத்துக் கொடுத்தார். அந்த இசையமைப்பாளர் பாட்டை மாற்றிக்கொண்டு மறுபடி வந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

பேசாத மாதங்கள்

எழிலரசியின் அப்பா செங்கல்பட்டில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஒலிபெருக்கிதான். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க மற்றவர்கள் ‘ஹலோ, ஹலோ’ என்பார்கள். எழிலரசி பாடிப் பார்ப்பார். திருக்கழுக்குன்றத்தில் ஒரு திருவிழாக் கச்சேரிக்கு மெல்லிசைக் குழுவின் பாடகி வராமல் போக, மைக் சோதித்த பெண்ணையே மேடையில் நிறுத்தினார்கள்.

அங்கிருந்து சில வருடங்களில் ‘நனைஞ்ச சைக்கிள்’ வந்தது. சினிமாவில் இல்லாத பாட்டு டீக்கடை டீக்கடையாக ஓடியது அப்போது அதிசயம். கேசட் அட்டையில் ‘எழில்’ என்று மட்டும் போட்டார்கள். முழுப் பெயர் பாப் பாடகிக்குப் பொருந்தாதாம்.

பிறகு தொண்டை கட்டியது. எல்லா ஊர்களிலும், எல்லா மேடைகளிலும், தண்ணீர் மாறி மாறிக் குடித்துப் பாடியதன் பலன். குரல் நாணில் முடிச்சு என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சை நடந்தது. பல மாதங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது என்று உத்தரவு.

வீட்டில் உட்கார முடியாமல் எழிலரசி தன் பாட்டுகளை வெளியிட்ட கேசட் நிறுவனத்துக்குத் தினமும் போனார். கையில் ஒரு சிலேட்டு. மூலையில் ஒரு நாற்காலி. பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று அங்கிருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. எந்தப் பாட்டை எந்தப் பாட்டோடு சேர்த்து விற்பது, ஒப்பந்தத்தின் எந்த வரியில் பாடகரின் உரிமை நழுவும், கடைக்காரர்களிடம் எப்படிப் பேசுவது, எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே பேசினார்கள்.

“காலேஜுக்கு நான் போகல பத்மா. அந்த மூலைதான் காலேஜு” என்று பின்னாளில் சொன்னார்.

மருத்துவர் பேசலாம் என்று அனுமதித்த வாரத்தில் நிறுவனம் ஒரு புது ஒப்பந்தத்தை நீட்டியது. எழிலரசி சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தார். அவருடைய குரல் திரும்பி வந்து பேசிய முதல் வாக்கியம்: “ஆறாவது பத்திய எடுத்தாதான் கையெழுத்து.”

பாடகரின் உரிமை நழுவும் பத்தி அது. மேலாளர் கையிலிருந்த டீயைப் பேன்ட்டில் கொட்டிக்கொண்டாராம். இதை நான் நேரில் பார்க்கவில்லை. எழிலரசி நடித்துக் காட்டியதைத்தான் பல முறை பார்த்திருக்கிறேன்.

அதன்பின் அவர் சொந்த நிறுவனம் தொடங்கியதையும், பாடியவர் பெயர் இல்லாமல் எங்கள் பாட்டு எதுவும் வெளியே போகாது என்று விதி வைத்ததையும் முன்பே எழுதிவிட்டேன். ஆனால் அவர் பாடவில்லை. பேச்சுக்குக் குரல் நன்றாக இருந்தது. நீளமான வரியைப் பாடினால் நடுவில் பிசிறியது. மற்றவர்களைப் பாட வைத்தார். வருடங்கள் போயின.

பிறகு ‘கைகாட்டி’ என்ற இந்தப் பாட்டின் மெட்டு வந்தது. எழிலரசி அதை ஒரு வாரம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். “இதை நானே பாடறேன்” என்று ஒரு நாள் லிஃப்டில் சொன்னார். நாங்கள் யாரும் மூச்சுவிடவில்லை, எங்கே மனம் மாறிவிடுவாரோ என்று. அறிவிப்பு போனது. வெளியீட்டுத் தேதியும் குறித்தாயிற்று.

வேனில் என் மணிக்கட்டைப் பிடித்தபோது அந்தத் தேதிக்கு இரண்டு வாரம்கூட மீதம் இல்லை.

கஜாவின் கை

எங்கள் ஒலிப்பதிவுக்கூடம் மாமல்லபுரத்தில், கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பக்கத்தில் சிற்பக்கூடங்கள். கல்லறுக்கும் இயந்திரம் ஓடும்போது எந்தக் கதவை மூடினாலும் பிரயோஜனம் இல்லை. சிற்பிகள் சாப்பிடப் போகும் நேரம்தான் எங்களுக்குப் பாட்டு நேரம்.

வேனிலிருந்து நேராக அங்கே போனோம். ஒலிப்பதிவாளர் கஜேந்திரன் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கு அவர் கஜா.

“இன்னா கஜா, சரணத்துல யாரு குரலு?” என்றார் எழிலரசி.

“உங்குளுதுதான் மேடம். இன்னா இப்டி கேக்குறீங்க?”

“‘போன பின்னும்’னு முடிச்சிட்டு நான் மூச்சு எடுப்பேன். இதுல எங்க மூச்சு? ஒரே இழுப்புல போவுது. திறந்து பாரு.”

கஜா கையைத் துடைத்துக்கொண்டு திரைமுன் உட்கார்ந்தார். சரணத்தைத் திறந்து பார்த்தார். காது மடல் சிவந்தது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. பெரிய பாடகர் வந்து பாடுவதற்கு முன், மெட்டும் வார்த்தையும் எப்படி வருகிறது என்று காட்ட இன்னொருவர் முழுப்பாட்டையும் பாடி வைப்பார். அதற்கு ட்ராக் என்று பெயர். பாடகர் அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு பாடியதும் ட்ராக் குரலை அணைத்துவிடுவார்கள். ட்ராக் பாடியவரின் குரலை உலகம் கேட்காது. கேட்கவும் கூடாது.

“மேடம்…” என்றார் கஜா. “ட்ராக்க அணைக்கறதுக்குப் பதிலா சரணத்துல உங்க குரல அணைச்சிட்டு கீறேன். சத்தியமா தெரியல மேடம். ரெண்டும் ஒரே மாதிரி கீது.”

“அதான்டா என் வயித்தெரிச்சலு.”

எழிலரசி சரணத்தில் தான் பாடியதைப் போடச் சொன்னார். கேட்டோம். மோசமில்லை. ஆனால் ‘பின்னும்’ முடிந்ததும் மூச்சு இழுக்கும் சத்தம், அதன்பின் ‘கைகாட்டி’யில் லேசான பிசிறு. இப்போது கேட்டதற்கும் வேனில் கேட்டதற்கும் நடுவே பல வருடங்கள் இருந்தன.

“அப்டியே வுட்டுட்லாம் மேடம்” என்றார் கஜா மெதுவாக. “வேன்லயே தேறிட்ச்சு. யாருக்குத் தெரியப் போவுது?”

“என் காத இன்னா பண்ணுவ? அதையும் அணைச்சிடுவியா?”

கல் இயந்திரம் ஓயும் வரை காத்திருந்து மறுபடி பாடிப் பார்த்தார். மறுநாளும். அதற்கடுத்த நாளும். ஒரே மூச்சில் பாட முயன்றபோது கடைசி வார்த்தை காற்றாகப் போனது. மூச்சு எடுத்தபோது அவருக்கே பிடிக்கவில்லை.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். “அந்த வரிய நான் பாட முடியலன்னா பாட்டு வெளிய வராது. இனிமே பாடவும் மாட்டேன். முதலாளியாவே இருந்துட்டுப் போறேன்.”

நான் என் வேலைப்படி யோசித்தேன். சரணத்தில் கேட்டது, அந்த ட்ராக்கைப் பாடிய சுமதி என்ற பெண்ணின் குரல். பெயரைச் சேர்த்துப் போட்டுவிட்டால் எல்லாம் நேராகிவிடும். அதைச் சொன்னேன்.

எழிலரசி என்னைப் பார்த்தார். “அவங்களக் கேக்காம போட முடியுமா? கிளம்பு.”

சுமதியின் வீடு

சுமதிக்கு ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். கணவருக்கு அணுவாற்றல் துறையில் வேலை என்பதால் கடலோரக் குடியிருப்புக்கு வந்தவர். அங்கே ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. சனி, ஞாயிறுகளில் எங்கள் கூடத்துக்கும் வேறு கூடங்களுக்கும் ட்ராக் பாட வருவார். நாற்பதைத் தொட்டவர். அதிகம் பேசமாட்டார்.

நாங்கள் போனபோது மாவு அரைத்துக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு கதவைத் திறந்தவர் எழிலரசியைப் பார்த்ததும் கையை முந்தானையில் மறைத்துக்கொண்டார்.

“வாங்க மேடம். ஏனுங்க, ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனுங்களே.”

எழிலரசி நடந்ததைச் சொன்னார். வேனில் பெண்கள் என்ன பேசினார்கள் என்பதையும் சொன்னார். சுமதியின் முகம் முதலில் மலர்ந்தது. நான் பெயர் போடுவதைப் பற்றிச் சொன்னதும் சுருங்கிவிட்டது.

“ஐயோ, வேண்டாமுங்க.”

“ஏன்? பாடினது நீங்கதானே?” என்றேன்.

“பாடினதுதானுங்க. ஆனா அப்படிப் பேரு வந்துச்சுன்னா அப்புறம் யாரு என்னைய ட்ராக்குக்குக் கூப்பிடுவாங்க? இவ பாடினா நம்ம குரலையே எடுத்துட்டு இவ குரல வெச்சிருவாங்கன்னு பெரிய பாடகருங்க பயந்துக்குவாங்க. என்னோட பொழப்பே என் குரலு கேக்காம இருக்கறதுதானுங்க மேடம்.”

பெயர் போடுவது நல்லது என்பதைத் தாண்டி நான் யோசித்ததே இல்லை.

“அப்ப நானே பாடணும்” என்றார் எழிலரசி. “ஆனா முடியல சுமதி. நீங்க அந்த வரிய ஒரே மூச்சுல பாடியிருக்கீங்க. அந்தக் காலத்துல நான் பாடின மாதிரியே இருக்கு. இப்ப எனக்கு வரல.”

சுமதி தரையைப் பார்த்தார். மாவு காய்ந்து விரல்களில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். அந்தக் காலத்துலயும் நீங்க ஒரே மூச்சுல பாடினதில்லீங்க.”

“என்னது?”

“ட்ராக் பாடறதுக்கு முன்னால உங்க கேசட்டு அத்தனையும் கேட்டேனுங்க. உங்கள மாதிரியே பாடினாத்தானே உங்களுக்குப் புடிச்சுக்க சுளுவா இருக்கும். நீளமா வரி வந்தா நீங்க எப்பவும் நடுவுல மூச்சு எடுப்பீங்க. ‘நனைஞ்ச சைக்கிள்’லயும் அப்படித்தான். அந்த மூச்சுச் சத்தமே பாட்டுல கேக்குமுங்க.”

“அப்ப நீங்க மட்டும் ஏன் எடுக்கல?”

சுமதி கொஞ்சம் தயங்கினார். கணவர் உள்ளே இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“வேணும்னுதானுங்க. ட்ராக்குத்தானே, யாரு கேக்கப் போறாங்க? ஒரே ஒரு தடவை உங்களவிட நல்லாப் பாடிப் பாக்கலாம்னு தோணுச்சுங்க.”

எழிலரசி சிரிக்க ஆரம்பித்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். அவருடன் வேலை செய்த இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

“நாளைக்கு லீவு போடறீங்களா?” என்றார். “கூடத்துக்கு வாங்க.”

மூச்சோடு

மறுநாள் சிற்பிகள் சாப்பிடப் போனதும் எழிலரசி உள்ளே போனார். சுமதி கஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உப்புக் காற்றில் துருவேறிய ஜன்னல் கொக்கிகளை நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

“அந்த எடத்துல அடக்காதீங்க மேடம்” என்றார் சுமதி மைக்கில். “நல்லாச் சத்தமாவே எடுங்க. அப்புறம் ‘கைகாட்டி’ய மெதுவாப் புடிங்க.”

எழிலரசி பாடினார். ‘கடைசி பஸ்ஸும் போன பின்னும்.’ மூச்சு. ஓடிவந்து நின்றவள் எடுப்பதைப் போன்ற மூச்சு. ‘கைகாட்டி நிக்கிற என்னை.’ பிசிறு இருந்தது. இருந்தாலும் அது பஸ்ஸைத் தவறவிட்டவளின் குரலாக இருந்தது. அதுவரை அந்த வரியின் அர்த்தத்தை நான் கவனிக்கவே இல்லை.

கஜா வழக்கம்போல மூச்சுச் சத்தத்தை வெட்டப் போனார்.

“அதுல கைய வெச்சே, கை இருக்காது” என்றது உள்ளேயிருந்து குரல்.

பாட்டை மறுபடி தணிகாசலத்தின் வேனில் போட்டோம். அன்று வந்தவர்களில் பலர் பழைய முகங்கள்.

“இன்னாடி, இப்ப கேட்டா வயசான மாதிரி கீது.”

“ஆனா இன்னா? பஸ்ஸு போச்சுன்னா யாருக்கா இருந்தாலும் மூச்சு வாங்கத்தான் செய்யும்.”

மறுபடி போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இயர்போனையும் யாரும் எடுக்கவில்லை. எங்கள் விதியில் இதற்கு இடமே கிடையாது. என்ன செய்வது என்று நான் எழிலரசியைப் பார்த்தேன். அவர் சொன்னபடி, குறித்த தேதியிலேயே பாட்டு வெளியானது.

அது பெரிய வெற்றி என்று சொன்னால் பொய். நிதானமாகப் போனது. ஆனால் அதன்பின் எழிலரசி வருடத்துக்கு ஓரிரு பாட்டாவது பாடுகிறார். யார் என்ன சொன்னாலும் மூச்சை வெட்டவிடுவதில்லை. ஒரு முதலாளி தன் சொந்தப் பாட்டை நிறுத்தி வைத்து, தேறிய குரலை எடுத்துவிட்டுத் தேறுமா என்று தெரியாத தன் குரலை வைத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்னொரு பதிவு

அந்த வெளியீடு முடிந்த கொஞ்ச நாளில் சுமதியை அலுவலகத்துக்கு அழைத்தார் எழிலரசி. அவருக்கென்றே ஒரு பாட்டு இருக்கிறது, சொந்தக் குரலில், சொந்தப் பெயரில் பாடுவாரா என்று கேட்டார்.

சுமதி ஒவ்வொன்றாக யோசித்துச் சொன்னார். “என் பாட்டுன்னு பாடினா யாரும் பயப்பட மாட்டாங்க. அதுல தொந்தரவு இல்லீங்க. ஆனா மேடம், என் குரல்ல பாடி நாளாச்சு. எல்லாரு மாதிரியும் பாடிப் பாடி, எம்பட குரலு எப்படி இருக்கும்னு எனக்கே மறந்துபோச்சுங்க.”

“எங்களுக்குத் தெரியும். மாவு அரைச்சுக்கிட்டு இருந்தப்ப உள்ள பாடிட்டுத்தானே இருந்தீங்க? வாசல்ல நின்னு கேட்டோம்.”

உண்மைதான். தாழ்ந்த குரல். யாருடனோ பேசுவது போலப் பாடிக்கொண்டிருந்தார்.

“சரிங்க” என்றார் சுமதி கடைசியில். பிறகு, வேலை தெரிந்தவர் கேட்கும் அடுத்த கேள்வியைக் கேட்டார். “அதுக்கு ட்ராக் யாரு பாடுவாங்க?”

“நான்தான்” என்றார் எழிலரசி.

சுமதி நம்பவில்லை. நானும் நம்பவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம், இயந்திரம் ஓய்ந்த நேரத்தில், எழிலரசி மைக் முன் நின்றார். முந்தின ஒரு வாரமாகச் சுமதியின் பழைய ட்ராக்குகளைக் கஜாவிடமிருந்து வாங்கி, அவற்றில் அவருடைய சொந்தக் குரல் எட்டிப்பார்க்கும் இடங்களைத் தேடிக் கேட்டிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கொங்குப் பக்கத்து இழுப்போடு, பேசுவது போலப் பாடப் பார்த்தார். கஜா சிரிப்பை மறைக்க, திரையைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சுமதி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பல்லவி முடிந்ததும் கண்ணைத் திறந்து, மைக்கின் பொத்தானை அழுத்தினார்.

“மேடம், அந்த எடத்துல நான் அவ்வளவு இழுக்க மாட்டேனுங்க.”

“சரிங்க” என்றார் எழிலரசி. ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு முதலிலிருந்து பாடினார்.